பூதம் காக்கும் பொன்

மண்ணுக்குள் கிடக்கும் பொன்னுக்குக் காவல் உண்டு என்ற நம்பிக்கை தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் ஊருக்கு ஒரு வடிவில் வழங்குகிறது. ஓரிடத்தில் காவலுக்கு இருப்பது பூதம், இன்னோரிடத்தில் நாகம், வேறோரிடத்தில் யட்சி. உருவம் மாறினாலும் கதையின் எலும்பு ஒன்றுதான். பாழடைந்த கோட்டையிலோ தூர்ந்துபோன கிணற்றிலோ பொற்காசு நிறைந்த கொப்பரை இருக்கிறது. நடுச்சாமத்தில் அதன் சங்கிலி உரசும் சத்தம் கேட்கிறது. உரியவன் அல்லாதவன் தோண்டினால் கொப்பரை இன்னும் ஆழத்துக்கு நகர்ந்துவிடுகிறது, அல்லது கைக்கு வந்த பொன் கரியாகிவிடுகிறது. உரியவனுக்கு மட்டும் கனவில் வந்து காவல் தெய்வமே இடத்தைக் காட்டும். அதற்கும் ஒரு காவு கேட்கும்.

இந்தக் கதைகளைப் பேராசை பற்றிய எச்சரிக்கையாக மட்டும் படிப்பது வழக்கம். அது பாதி உண்மை. கதையின் அச்சு பொன்னில் இல்லை, ‘உரியவன்’ என்பதில் இருக்கிறது. ஒருவரும் உண்டாக்காத, அல்லது உண்டாக்கியவர் எவரென்றே தெரியாத ஒரு பொருளுக்கு உரியவர் எவர்? மெய்யியலும் அறநூலும் சட்டமும் பல நூற்றாண்டுகளாகக் கேட்டுவரும் கேள்வி இது. பூதம் அதற்கு நாட்டார் வழக்கு தந்த பதில்: மனிதர்களில் ஒருவரும் உரியவர் இல்லை, ஆனால் கேட்பாரற்றும் கிடக்கவில்லை.

புராண மரபில் இந்தக் காவலுக்கு முறையான நிர்வாகமே உண்டு. குபேரன் செல்வத்தின் தலைவன், யட்சர்கள் அவனுடைய ஆட்கள், நிதிகள் ஒன்பது. அவற்றில் சங்கநிதியும் பதுமநிதியும் கல்லில் குள்ள உருவங்களாகவே இடம்பிடித்துவிட்டன. இலங்கையில் அனுராதபுரத்து அபயகிரி விகாரையின் வாசலில் இருபுறமும் காவல் நிற்பவை இந்த இரு நிதிகள்தாம். செல்வமே தனக்குக் காவலாளியாகவும் நிற்பது கவனிக்கத்தக்கது. கடல் கடந்த உதாரணமும் உண்டு. பொலிவியாவின் பொத்தோசி சுரங்கத் தொழிலாளர்கள் வெளியே தேவாலயத்தில் வழிபடுகிறார்கள். உள்ளே இறங்கியதும் ‘எல் தியோ’ என்ற கொம்பு முளைத்த உருவத்தின் முன் கொக்கா இலையும் சாராயமும் சிகரெட்டும் வைக்கிறார்கள். நிலத்துக்கு மேலே ஓர் ஆட்சி, கீழே வேறோர் ஆட்சி என்பது அவர்கள் கணக்கு. சமய வரலாற்றாசிரியர் மிர்சியா எலியாதே 1956-இல் வெளியிட்ட நூலில், கனிமம் பூமியின் கருப்பையில் வளரும் கரு என்று பல பண்டைய சமூகங்கள் எண்ணியதாகவும், அதனால் சுரங்கம் திறப்பதற்கு முன் நோன்பும் பலியும் வேண்டியிருந்ததாகவும் எழுதினார். இந்தியச் சான்றுகளுக்கு இந்த விளக்கம் முழுமையாகப் பொருந்தவில்லை. இங்கே பூமி தாய்தான், ஆனால் பேரம் பேசுவது தாயோடு அல்ல, காவல்காரனோடு.

பாலக்காட்டு எல்லையிலுள்ள பெருமாட்டியைச் சுற்றிய நாட்டில் இந்தக் கேள்வி வெறும் கதையாக நின்றுவிடவில்லை. வடக்கே அட்டப்பாடிப் பள்ளத்தாக்கில் கோட்டத்தறைப் பகுதியில் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை தங்கப் படிவைக் கண்டறிந்திருக்கிறது. இருளரும் முடுகரும் குறும்பரும் வாழும் அந்தப் பள்ளத்தாக்கின் மேல் மல்லீஸ்வரன் முடி நிற்கிறது. அந்த முடியையே சிவலிங்கமாக வணங்குகிறார்கள். சிவராத்திரிக்கு முடுகர்கள் மேலே ஏறி விளக்கேற்றுகிறார்கள். இன்னும் வடமேற்கே போனால் நிலம்பூரின் சாலியாறு. அதற்கு மேலே கூடலூர், தேவாலா, பந்தலூர் அடங்கிய தென்கிழக்கு வயநாடு. மலபார் மாவட்டத்தில் இருந்த இந்தப் பகுதி 1877-இல் நீலகிரியோடு சேர்க்கப்பட்டது. தென்னிந்தியாவின் முதல் தங்க வெறி இங்கேதான் மூண்டது.

வெறிக்கு முன்பே தொழில் இருந்தது. ஆற்று மணலை அரித்துப் பொன் எடுப்பது எளிய வேலை போலத் தோன்றும், கை பழகாதவருக்கு ஒன்றும் மிஞ்சாது. வெள்ளம் வடிந்த பிறகு ஆற்றின் வளைவில், பாறை இடுக்கில் தங்கிய மணலை, நடுவில் குழிந்த மரத்தட்டில் அள்ளுகிறார்கள். தண்ணீருக்குள் தட்டைச் சாய்த்துச் சுழற்றச் சுழற்ற வெள்ளைக் கூழாங்கல்லும் லேசான மணலும் விளிம்பைத் தாண்டிப் போகின்றன. கடைசியில் ஒரு பிடி கருமணல் மட்டும் மிச்சம். அது இரும்புச் சத்துள்ளது, கனமானது, பொன்னோடு ஒட்டிக்கொண்டே வரும். தட்டை ஒரு பக்கமாகத் தட்டினால் கருமணலின் ஓரத்தில் மஞ்சள் கோடு தெரியும், சில நாள் தெரியாது. ஒரு சொட்டுப் பாதரசம் விட்டால் பொன்துகள் அதில் உருண்டு சேர்கிறது. துணியில் பிழிந்து, மீந்ததைச் சூடாக்கினால் பாதரசம் ஆவியாகிப் போய்ப் பொன் நிற்கிறது. அந்த ஆவியை மூச்சில் இழுப்பவர் உடம்பு கெடும் என்பது தொழிலின் சொல்லப்படாத செலவு.

அரித்தவர்கள் பெரும்பாலும் பணியர், குறும்பர் போன்ற மலைமக்கள். அவர்கள் நின்ற மண் ஜன்மிக்கு, அதாவது மலபாரின் பரம்பரை நில உடைமையாளருக்கு, உரியது. கூடலூர்ப் பக்கத்தின் நம்பாலக்கோட்டை நிலங்களுக்கு நிலம்பூர்க் கோவிலகம் ஜன்மி. கோவிலகத்தின் குலதெய்வம் வேட்டைக்கொருமகன், சிவனும் பார்வதியும் வேடர் உருவில் காட்டில் திரிந்தபோது பிறந்ததாகச் சொல்லப்படும் வேட்டைக் கடவுள். நம்பாலக்கோட்டையிலும் அவனுக்குக் கோயில் உண்டு. ஆக, ஒரு தட்டு மணலுக்கு மேல் நான்கு உரிமைகள் படிந்திருந்தன: அரித்தவரின் உழைப்பு, ஜன்மியின் நிலம், ஜன்மிக்கும் மேலான தெய்வம், 1792-க்குப் பிறகு கிழக்கிந்தியக் கம்பெனி சர்க்கார். நான்கில் உழைப்புதான் கடைசியில் எண்ணப்பட்டது என்று சொல்லத் தேவையில்லை.

1830களின் தொடக்கத்திலேயே சர்க்கார் ஒரு ராணுவ அதிகாரியை அனுப்பி இந்த மலைகளைத் துழாவிப் பார்த்தது. பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. 1875-இல் புவியியல் ஆய்வுத் துறையின் வில்லியம் கிங், பொன் ஆற்றில் மட்டுமல்ல, மேலே குவார்ட்ஸ் பாறை நரம்புகளிலும் இருக்கிறது என்று எழுதினார். தேவாலாவுக்கு அருகே ஆல்ஃபா கம்பெனி ‘ஸ்கல் ரீஃப்’, அதாவது மண்டையோட்டுப் பாறை என்று பெயர் பெற்ற நரம்பைக் குடைந்தது. 1879-இல் இந்திய அரசு ஆஸ்திரேலியாவிலிருந்து ராபர்ட் பிரௌ ஸ்மித்தை வரவழைத்தது. விக்டோரியாவின் சுரங்கத் துறைச் செயலாளராக இருந்தவர். அதற்கு முந்தைய ஆண்டுதான் விக்டோரியாவின் ஆதிகுடிகளைப் பற்றி இரண்டு தொகுதிகள் வெளியிட்டிருந்தார். பழங்குடிகளின் கதைகளைத் தொகுத்த கைதான் வயநாட்டுப் பழங்குடிகள் தோண்டிய பழங்குழிகளையும் வரைபடத்தில் குறித்தது. 1880-இல் அவர் கொடுத்த அறிக்கையில் நம்பிக்கை தரும் மாதிரிகள் நிறைய இருந்தன.

அதன் பிறகு நடந்ததில் பூதங்களுக்குப் பங்கே இல்லை. லண்டனில் சில மாதங்களுக்குள் பல பத்துக் கம்பெனிகள் முளைத்தன. மூலதனம் பல லட்சம் பவுன். வயநாட்டுக் காப்பித் தோட்டங்கள் தண்டுதுளைப்பானாலும் இலை நோயாலும் நொந்துபோயிருந்த நேரம் அது. தோட்டத் துரைமார்கள் காப்பி விளையாத மண்ணைப் பொன் விளையும் மண் என்று சொல்லி நல்ல விலைக்குத் தள்ளிவிட்டார்கள். வனாந்தரமாக இருந்த பந்தலூரில் கட்டடங்கள் எழும்பின, இயந்திரங்கள் மலையேறின. பாறையை நொறுக்கிப் பார்த்தபோது டன்னுக்குக் கிடைத்த பொன் கூலிக்கே காணவில்லை. 1880களின் நடுப்பகுதிக்குள் பெரும்பாலான கம்பெனிகள் கவிழ்ந்தன. 1901-இல் ஹேடனும் ஹாட்சும் புவியியல் துறைக்காக மீண்டும் ஆய்ந்து, தேறாது என்று எழுதினார்கள். நெருங்கினால் நகர்ந்துவிடும் கொப்பரை என்று சொல்லும் ஊர்க்கதை, லண்டன் பங்குச் சந்தையின் கம்பெனி விளம்பரத்தைவிட நேர்மையானது என்று தோன்றுகிறது. ஊர்க்கதை யாரிடமும் பங்குப் பணம் கேட்கவில்லை.

அப்படியானால் கதைகளில் செய்தி ஏதும் உண்டா என்ற கேள்வி எழுகிறது. உண்டு, ஆனால் எல்லாக் கதையிலும் இல்லை. ஹெரடோட்டஸ் தன் வரலாற்றின் மூன்றாம் புத்தகத்தில், இந்தியாவில் நரியைவிடப் பெரிய எறும்புகள் பொன்மணலைத் தோண்டி வெளியே தள்ளுவதாக எழுதினார். அவரை நகைத்தவர்கள் மகாபாரதத்தின் சபாபர்வத்தைப் படிக்கவில்லை. அங்கே யுதிஷ்டிரனுக்குத் திறையாக வந்த பொருள்களில் ‘பிபீலிகப் பொன்’, எறும்புப் பொன், இருக்கிறது. 1980களில் ஆய்வுப் பயணி மிஷேல் பெய்செல், இமயத்தின் தான்சர் சமவெளியில் வளை தோண்டும் மர்மோட்டுகள் பொன் கலந்த மண்ணை வெளியே தள்ளுவதே கதையின் வேர் என்று வாதிட்டார். மறுப்புகள் உண்டு. எனினும் வளைகளில் வாழும் காவல் விலங்கு, வெளியே கிடக்கும் பொன்மண் என்ற இணைப்பு நிலத்தைக் கூர்ந்து பார்த்தவர்களிடம்தான் பிறந்திருக்கும்.

கோலாரின் வரலாறு இன்னும் தெளிவானது. 1802-இல் ஜான் வாரன் என்ற ராணுவ அதிகாரி அங்கே பொன் பற்றிய ஊர்ப்பேச்சைக் கேட்டார். அதை ஒதுக்கவும் இல்லை, நம்பிவிடவும் இல்லை. காட்டுபவருக்குப் பரிசு என்றார். ஊரார் மண்ணை வண்டிகளில் கொண்டுவந்து அவர் கண்முன்னே அலசிப் பொன்துகளைக் காட்டினார்கள். எழுபது ஆண்டு கழித்து வாரனின் குறிப்பைப் படித்துவிட்டு மைக்கேல் லவெல் என்பவர் கோலாருக்குப் போனார். 1880-இல் ஜான் டெய்லர் நிறுவனம் வந்தது. மூன்று கிலோமீட்டருக்கும் ஆழமாக இறங்கிய அந்தச் சுரங்கங்கள் 2001 பிப்ரவரி 28 வரை ஓடின. ராய்ச்சூரின் ஹட்டியிலோ, நவீன பொறியாளர்கள் வருவதற்குச் சுமார் இரண்டாயிரம் ஆண்டு முன்பே, பாறையைத் தீயிட்டுச் சுட்டுப் பிளந்து அறுநூறு அடிக்கும் கீழே மனிதர்கள் போயிருந்தார்கள். அந்த ஆழத்தில் செத்தவர்கள் பலர் இருந்திருப்பார்கள். ‘உள்ளே போனவரைப் பூதம் பிடித்துக்கொண்டது’ என்ற சொல்லுக்கு இடிந்த சுரங்கத்தின் நினைவு அடிப்படையாக இருக்கக்கூடும்.

எதிர்ப்பக்கத்துக்கு ஒரு சாட்சி போதும். 2013 அக்டோபரில் உத்தரப் பிரதேசத்தின் உன்னாவ் மாவட்டத்து தௌண்டியா கேடா கோட்டையில் ஆயிரம் டன் பொன் இருப்பதாக ஒரு சாமியார் கனவு கண்டார். தொல்லியல் துறை கடப்பாரையோடு போனது. பானை ஓடுகள் போன்ற பழம்பொருள்கள் கிடைத்தன, பொன் இல்லை. வாரனிடம் ஊரார் மண்ணைக் காட்டினார்கள், இங்கே கனவைக் காட்டினார்கள்.

உரிமை பற்றிய வாதத்துக்கு வந்தால், மனுஸ்மிருதியின் எட்டாம் அத்தியாயம் பழம்புதையலிலும் பூமியிலுள்ள தாதுக்களிலும் அரசனுக்குப் பாதி என்கிறது. அதற்கு அது சொல்லும் காரணங்கள் இரண்டு: அவன் காப்பவன், அவன் பூமிக்கு அதிபதி. இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டாலும் அவை ஒன்றல்ல. காப்பவன் என்றால் அவனுக்கு வருவது காவல் கூலி. அதிபதி என்றால் அது அவன் உடைமையின் பலன், அப்போது பாதியோடு ஏன் நிற்க வேண்டும்? முதல் காரணத்தின்படி அரசன் நிற்கும் இடம் பூதம் நின்ற இடமே. இருவரும் காக்கிறார்கள், காத்ததற்குப் பங்கு கேட்கிறார்கள், பொருளை உண்டாக்கியவர்கள் இல்லை. அதே அத்தியாயம் கற்றறிந்த பிராமணனுக்குக் கிடைத்த புதையல் முழுதும் அவனுக்கே என்கிறது. இந்த விதியை எழுதிய கை எது என்று ஊகிக்கச் சிரமம் இல்லை.

வேதச் சடங்குகளின் பொருளை ஆராய்ந்த மீமாம்சகர்கள் இதை வேறு முனையிலிருந்து தொட்டார்கள், வாதம் அங்கேதான் கூர்மையாகிறது. விசுவஜித் என்ற யாகத்தைச் செய்பவர் தன் உடைமை அனைத்தையும் தட்சிணையாகக் கொடுக்க வேண்டும். யாகம் செய்பவன் பேரரசனாக இருந்தால் பூமியையே கொடுத்துவிடலாமா? ஜைமினியின் சூத்திரம் முடியாது என்கிறது: பூமி எல்லோருக்கும் பொது, அதில் ஒருவருக்கு மட்டும் தனி உரிமை இல்லை. சபரர் தம் உரையில் இதை விரிக்கிறார். வயல்களுக்கு உடையவர்களாக மனிதர்கள் இருப்பதைக் காண்கிறோம், பூமி முழுவதற்கும் உடையவரைக் காண்பதில்லை. விளைச்சலைக் காப்பதற்காக அரசனுக்கு ஒரு பங்கு உண்டு, அதற்கு மேல் இல்லை. அரசவையின் தயவில் வாழ்ந்த ஒரு சாத்திர மரபு இவ்வளவு துணிவாகப் பேசியது வியப்புக்குரியது. ஆனால் வயலுக்கு உடையவர் உண்டென்றால் வயலின் ஆழம் எதுவரை அவருடையது? அதற்கு இந்த வாதத்தில் நேரடிப் பதில் இல்லை.

பௌத்தம் கேள்வியையே திருப்பிப் போட்டது. பாலி மொழியின் நிதிகண்ட சுத்தம் என்ற சூத்திரம், ஆழக் குழிதோண்டிப் பணம் புதைப்பவனைப் பற்றியது. புதையல் இடம்பெயர்ந்துவிடலாம், புதைத்தவனுக்கு இடம் மறந்துபோகலாம், நாகர்கள் நகர்த்தலாம், யட்சர்கள் தூக்கிப் போகலாம், பிடிக்காத வாரிசு தோண்டி எடுக்கலாம் என்று அது அடுக்குகிறது. காவலர்கள் என நாட்டார் கதை நம்பியவர்களே இங்கே கள்வர்களாக நிற்கிறார்கள். யாராலும் எடுக்க முடியாத நிதி தானமும் ஒழுக்கமும் தரும் புண்ணியம்தான் என்று அந்தச் சூத்திரம் முடிகிறது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அயோத்திதாசரின் சாக்கிய பௌத்த இயக்கம் வலுவாக வேர்விட்ட இடங்களில் ஒன்று கோலார் தங்கவயல். அங்கே மாரிகுப்பத்தில் கிளைச் சங்கம் இருந்தது, சித்தார்த்தா புத்தகசாலை நூல்களை அச்சிட்டது. வெட்டியெடுத்த பொன் தங்களுடையது ஆகாது என்று தினமும் பார்த்த தமிழ்த் தொழிலாளர்களுக்கு, பறிக்க முடியாத நிதி பற்றிய பேச்சு வெறும் உபதேசமாக மட்டும் கேட்டிருக்காது.

காவல் நம்பிக்கைக்கு இருண்ட பக்கம் உண்டு, அதை மென்மையாக்கிச் சொல்ல வழியில்லை. காவல்காரன் கூலி கேட்பான் என்ற கணக்கிலிருந்துதான் தலைச்சன் பிள்ளையைக் காவு கொடுத்தால் புதையல் கிட்டும் என்ற கொடூரம் வந்தது. வெற்றிலையில் மை தடவிப் பார்ப்பவர்கள் அந்தக் கணக்கை இன்றும் விற்கிறார்கள். 2013-இல் மகாராஷ்டிரமும் 2017-இல் கர்நாடகமும் இயற்றிய சட்டங்கள் புதையலின் பெயரால் நடக்கும் மனிதத்தன்மையற்ற செயல்களைக் குற்றமாக்கின. மகாராஷ்டிரச் சட்டத்தின் பட்டியலில் விலைமதிப்புள்ள பொருளோடு நீரூற்றைத் தேடுவதும் சேர்ந்திருக்கிறது. பொன்னுக்கும் நீருக்கும் ஒரே காவல் என்று நம்பிக்கை எண்ணியதைச் சட்டமும் கவனித்திருக்கிறது. இன்னொரு குறையும் உண்டு. பூதத்துக்குப் பயந்து ஒதுங்கியவர்கள் ஏழைகள்தாம். ஜன்மியையும் கம்பெனியையும் எந்தப் பூதமும் நிறுத்தியதில்லை. காவல் கதை காட்டையும் ஆற்றையும் சில இடங்களில் காத்திருக்கலாம், அதே கதை நிலத்தின் மேல் நின்றவரை நிலத்துக்கு அந்நியராக வைத்திருக்கவும் பயன்பட்டது.

நவீன சட்டம் பூதத்தின் இடத்தைக் காலியாக விடவில்லை. 1568-இல் இங்கிலாந்து நீதிமன்றம், பொன்னும் வெள்ளியும் யார் நிலத்தில் கிடைத்தாலும் முடியரசுக்கே என்று தீர்ப்பளித்தது. 1878-ஆம் ஆண்டு இந்தியப் புதையல் சட்டம், பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையலைக் கண்டவர் கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும் என்றது. புதையலுக்கு உரியவர் இல்லை என்று முடிவாகி, நிலத்துக்காரர் பங்கு கோரினால், எடுத்தவருக்கு முக்கால் பங்கு, நிலத்துக்காரருக்குக் கால் பங்கு. மனுவோடு ஒப்பிட்டால் எடுத்தவரின் கை எவ்வளவு உயர்ந்திருக்கிறது என்பது தெரியும். ஆனால் இது மனிதர் மறைத்துவைத்த பொருளுக்கு மட்டும். இயற்கை வைத்த தாதுவுக்கு வேறு சட்டம், வேறு கதவு.

அந்தக் கதவை 2013-இல் உச்ச நீதிமன்றம் தட்டியது மலபாரின் ஜன்ம நிலங்களை வைத்துத்தான். திரேசியாம்மா ஜேக்கப் வழக்கில் தகராறு தங்கத்தைப் பற்றியதல்ல, சிறு கனிமங்களுக்கு அரசு கேட்ட ராயல்டியைப் பற்றியது. நிலத்தடிக் கனிமம் முழுதும் அரசுக்கே என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை, செல்லத்தக்க நடைமுறை வழியாகப் பறிக்கப்படாதவரை நிலத்துக்கு உடையவரே அடியிலுள்ள கனிமத்துக்கும் உடையவர் என்று நீதிமன்றம் கூறியது. உடையவராக இருந்தாலும் அவர் நினைத்தபடி தோண்டிவிட முடியாது, 1957-ஆம் ஆண்டு கனிமச் சட்டத்தின் அனுமதி வேண்டும். உரிமை ஒருவருக்கு, வாசல் திறப்பது இன்னொருவர்.

பெருமாட்டி ஊராட்சி இதே கேள்வியைப் பத்து ஆண்டுகளுக்கு முன்பே நீரை வைத்துக் கேட்டிருந்தது. ஊராட்சிக்கு உட்பட்ட பிளாச்சிமடையில் 2000-இல் கொக்கோ கோலா ஆலை வந்தது. சுற்றியுள்ள கிணறுகளில் நீர் இறங்கியது, மிஞ்சியதும் வாயில் வைக்க முடியாமல் போனது. எரவாளர் குடியைச் சேர்ந்த மயிலம்மா முன்நின்ற போராட்டத்துக்கு நடுவே, 2003-இல் ஊராட்சி உரிமத்தைப் புதுப்பிக்க மறுத்தது. கிணறு வெட்டப் பூதம் புறப்பட்ட கதை என்பார்கள். இங்கே பூதம் கிணற்றுக்குள்ளிருந்து புறப்படவில்லை, வாசல் வழியாக உரிமத்தோடு வந்தது. அந்த ஆண்டு டிசம்பர் 16-இல் கேரள உயர் நீதிமன்றத்தின் தனி நீதிபதி, நிலத்தடி நீர் பொதுச் சொத்து, அரசு அதற்கு அறங்காவலர் மட்டுமே, நிலம் வைத்திருப்பதால் மட்டும் ஒருவர் வரம்பின்றி உறிஞ்ச முடியாது என்று தீர்ப்பளித்தார். சபரரின் பெயர் இல்லாமலே சபரரின் வாதம் அது. காப்பவன் உடையவன் அல்லன்.

2005 ஏப்ரலில் இரு நீதிபதிகள் அமர்வு அதை மாற்றியது. நிலத்துக்காரருக்கு நியாயமான அளவு நீர் எடுக்க உரிமை உண்டு என்று சொல்லி நாளுக்கு 5 லட்சம் லிட்டர் வரை அனுமதித்தது. ஆலை அதற்கு முன்பே, 2004 மார்ச்சில், மூடப்பட்டிருந்தது. மேல்முறையீடு உச்ச நீதிமன்றத்தில் ஆண்டுக்கணக்கில் கிடந்தது. 2017-இல் அங்கே மீண்டும் ஆலை நடத்தப்போவதில்லை என்று நிறுவனம் தெரிவிக்கவே வழக்கு முடித்துவைக்கப்பட்டது. நிலத்தடி நீர் யாருக்கு என்பதில் இரண்டு தீர்ப்புகளுக்கு இடையே எது சரி என்று உச்ச நீதிமன்றம் சொல்லவில்லை.